கோச் ஆகப் போகும் அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணி,

உன் கடிதம் வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் பார்க்கும் எச்.ஆர். வேலையை விட்டுவிட்டு, பல்லடத்தில் வீட்டு மாடியிலேயே ஓர் அறையை ஒதுக்கி கோச்சாக உட்கார்ந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்டதோடு நிற்காமல் விசிட்டிங் கார்டும் அடித்து ஒன்றை உறைக்குள் வைத்திருக்கிறாய். உன் பெயருக்குக் கீழே நாலு பட்டம். அந்தக் கார்டுக் கட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு இதைப் படி. உன் வயதுப் பிள்ளைகள் பலருக்கும் இதே கேள்வி இருப்பதால், உன் பெயரை எடுத்துவிட்டு எல்லோரும் படிக்கிற மாதிரியே பதில் எழுதுகிறேன். கோபம் வந்தால் பொங்கலுக்கு வரும்போது நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

மாமா வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறார் என்று நீ முடிவு கட்டியிருப்பாய். இல்லை. நம் பக்கத்துக்கு இந்தத் தொழில் தேவை. திருப்பூரில் முதலாளி ஆனவர்களில் எத்தனையோ பேர் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அல்ல. தோட்டங்காட்டை விட்டு வந்து, கைமடி என்னும் உதவியாளாகவும் டெய்லராகவும் கட்டிங் மாஸ்டராகவும் நுழைந்து, பக்கத்தில் நின்றவரைப் பார்த்தே கற்று, பிறகு கடன் வாங்கி நாலு மெஷின் போட்டவர்கள். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் இந்தக் கதையை வைத்து எழுதிய ஆங்கிலப் புத்தகம் 2004-ல் வந்திருக்கிறது, கிடைத்தால் படி. அந்தத் தலைமுறைக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது.

இன்று பிரச்சினை வேறு. நேற்று வரை ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணை இன்று லைன் சூப்பர்வைசர் ஆக்குகிறார்கள். நேற்று ஒன்றாக டிபன் பாக்ஸ் திறந்த அக்காவிடம் இன்று "பீஸ் ஏன் கொறையுது?" என்று கேட்க வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று அவளோடு உட்கார்ந்து யோசிக்க ஒருவர் கிடையாது. வீட்டில் சொன்னால் வேலையை விட்டுவிடு என்பார்கள். மேனேஜரிடம் சொன்னால் உனக்குத் திறமை போதாது என்பார். முதலாளிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். பேச ஆள் நிறைய உண்டு. ஆனால் பேசுகிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கணக்கு. பங்காளிக்கு ஒன்று, சம்பந்திக்கு ஒன்று, பேங்க் மேனேஜருக்கு ஒன்று. எந்தக் கணக்கும் இல்லாமல் ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து, அந்த மனிதர் தன் காரியத்தைத் தானே தெளிவாக யோசிக்க உதவுகிறவர் கோச். அப்படி நாலு பேர் நம் வட்டாரத்தில் இருந்தால் பல வீடுகளில் அப்பனும் மகனும் முகம் பார்த்துப் பேசுவார்கள்.

சரி, உன் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்த வரிக்கு வருகிறேன். "எனக்கு அட்வைஸ் பண்ண நல்லா வரும் மாமா, ஆபீஸ்ல எல்லாரும் எங்கிட்டதான் வருவாங்க" என்று எழுதியிருக்கிறாய். கண்ணு, நீ கோச் ஆவதற்குக் குறுக்கே நிற்கப் போகிற பெரிய தடை இதுதான். அட்வைஸுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. டீக்கடையில் கிடைக்கும், கல்யாணப் பந்தியில் கிடைக்கும், துக்கம் கேட்கப் போன இடத்திலும் கிடைக்கும். அதற்கு யாரும் உன்னிடம் காசு கொடுத்து வர வேண்டியதில்லை.

இந்தத் தொழிலின் வேர் டென்னிஸ் மைதானத்தில் இருக்கிறது. டிமோதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர், மட்டையை இப்படிப் பிடி, காலை அப்படி வை என்று தான் அதிகம் சொல்லச் சொல்ல ஆடுகிறவர் இறுகிப் போவதைக் கவனித்தார். சொல்வதைக் குறைத்தார். பந்து தரையில் படும்போதும் மட்டையில் படும்போதும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடு என்றார். கவனம் பந்தின் மேல் போனதும் கை தானாகச் சரியானது. 1974-ல் அதைப் புத்தகமாக எழுதினார். கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் என்ற ஆங்கிலேயர் அந்த முறையை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார். அவருடைய புத்தகம் 1992-ல் வந்தது. இலக்கு என்ன, இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் உண்டு, இதில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்ற நாலு படியை உலகமெங்கும் பரப்பியவர் அவர். க்ரோ என்று அதற்குப் பெயர். எந்த கோர்ஸில் சேர்ந்தாலும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்த நாலையும் நீ ஒரு மத்தியானத்தில் மனப்பாடம் செய்துவிடுவாய். அடுத்த நாளே ஒருவரை உட்கார வைத்து, ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் நிரப்புகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பாய். அப்படிச் செய்யாதே. கோச்சிங்கை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த எரிக் டி ஹான் போன்றவர்கள் சொல்வது, எந்த முறையைப் பின்பற்றுகிறோம் என்பதைவிட இருவருக்கும் நடுவே அமைகிற உறவே பலனோடு அதிகம் தொடர்புடையது என்பது. அந்த உறவு கேட்பதில்தான் வரும். நம் ஆட்கள் நேரடியாக விஷயத்துக்கு வர மாட்டார்கள். மழை, மாடு, கோழி விலை எல்லாம் பேசி முடித்து, எழுந்து செருப்பு மாட்டும்போதுதான் "இன்னொண்ணுங்க…" என்று ஆரம்பிப்பார்கள். சொல்ல வந்தது அதைத்தான். அப்போது "சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நீ சும்மா இருக்க வேண்டும். அந்த மௌனத்தை உன்னால் தாங்க முடிகிறதா என்று பார். உன்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். உனக்கு அது கஷ்டம்.

"அப்போ தெரிஞ்சதைக்கூடச் சொல்லக் கூடாதா?" என்று கேட்பாய். உன் ஊரையே பார். கறிக்கோழிக்குத் தமிழ்நாடே பல்லடத்தில் அறிவிக்கும் விலையைப் பார்க்கிறது. ஒப்பந்தப் பண்ணைக்குக் கம்பெனி குஞ்சு கொடுக்கிறது, தீவனமும் மருந்தும் கொடுக்கிறது. கொட்டகையும் வேலையும் பண்ணைக்காரருடையது. கம்பெனி சூப்பர்வைசர் வந்து எடை பார்க்கிறார், செத்தது எத்தனை என்று எழுதுகிறார், படுதாவை இறக்கு, ஈரமான மஞ்சியைக் கிளறிவிடு என்கிறார். அவர் சொல்லத்தான் வேண்டும். நாற்பது நாள் சொச்சத்தில் வண்டி ஏற வேண்டிய கோழிக்கு முன்னால் நின்று "இதைப் பற்றி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் பேட்ச் போய்விடும். விடை தெரிந்த கேள்விக்கு விடை சொல்வதுதான் நியாயம்.

ஆனால் அதே பண்ணைக்காரர் ஒரு நாள், ஒப்பந்தத்தை விட்டுச் சொந்தமாக வளர்க்கலாமா, பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் மகனை வரச் சொல்லலாமா என்று தவிக்கிறார். இதற்கு எந்த சூப்பர்வைசரிடமும் விடை இல்லை. விடை அவரிடமே துண்டு துண்டாகக் கிடக்கிறது. கோச்சுக்கு வேலை அங்கே. ஆகவே சொல்லிக்கொடுப்பதையும் கேட்பதையும் கலக்காதே. சொல்ல வேண்டிய விஷயம் வந்தால், "இது எனக்குத் தெரிஞ்சது, சொல்றேன், எடுத்துக்கிறது உங்க இஷ்டம்" என்று பிரித்துச் சொல்லிவிட்டு மறுபடி கேட்கத் தொடங்கு.

இனி சான்றிதழ். நம் நாட்டில் கோச் என்று பலகை மாட்ட எந்த லைசென்ஸும் வேண்டாம். அதனால்தான் மூன்று நாளில் மாஸ்டர் ஆக்குகிறோம் என்று விளம்பரம் வருகிறது. நீ பணம் கட்டப் போவதாக எழுதியிருப்பதும் அப்படி ஒன்றுதான். உலகத்தில் இதற்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. தாமஸ் லெனார்ட் என்ற அமெரிக்கர் 1995-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். என்ற அமைப்பு இருக்கிறது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை அல்ல, சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு. அதன் முதல் படிக்கே 60 மணி நேரப் படிப்பும், குறைந்தது எட்டுப் பேரோடு 100 மணி நேர அனுபவமும் வேண்டும். அடுத்த படிக்கு 500 மணி. மாஸ்டர் என்ற படிக்கு 2,500 மணி. வாரத்துக்கு நாலு மணி நேரம் விடாமல் செய்தாலும் 2,500 மணிக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகும் அம்மிணி. அதை மூன்று நாளில் விற்கிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று உனக்கே தெரியும்.

அந்தக் கூட்டங்களில் பாட்டுப் போட்டு, கை தட்டி, "என்னால் முடியும்" என்று கத்த வைப்பார்கள். மேடைப் பேச்சையும் பயிற்சி வகுப்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஜேசீஸ் அமைப்பின் மேடைகளில் பழகி வந்த நல்ல பயிற்சியாளர்கள் நம் பக்கத்தில் உண்டு. நூறு பேர் இருக்கும் ஹாலை எழுப்பி உட்கார வைப்பது தனிக் கலை. உனக்கு அதுதான் பிடிக்கும் என்றால் அதையே முறையாகக் கற்றுக்கொள். ஒருவர் எதிரே ஒருவராக உட்கார்வது வேறு வேலை.

"நூறு மணி நேரத்துக்கு யார் எங்கிட்ட வருவாங்க?" என்பது உன் அடுத்த கேள்வியாக இருக்கும். அந்த நூறில் 75 மணி கூலி வாங்கிச் செய்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் தொகை எவ்வளவு என்று விதி கிடையாது. பணத்துக்குப் பதில் பொருளாகவோ வேலையாகவோ வாங்கினாலும் கணக்கில் சேரும். தேங்காய் கொடுத்தால் வாங்கிக்கொள். ஆரம்பத்திலேயே ஒரு மணிக்கு ஐயாயிரம் என்று கார்டில் அடித்தால் யாரும் வர மாட்டார்கள். இலவசம் என்றால் வருகிறவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் வாங்கு.

இனி நான் அதிகம் அக்கறைப்படும் விஷயம். நீ எழுதிய இரண்டு பக்கத்தில் மற்ற கோச்சுகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: "அவங்க குரூப்ல எல்லாம் சேர மாட்டேன், கிளையண்டைப் பிடிச்சுக்குவாங்க." இதைப் படித்ததும் உன் காதைத் திருகலாம் போல இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் எதிரே ஒருவர் உட்கார்ந்து செய்கிற தொழில் இது. தைத்த பீஸை செக்கிங்கில் பிரித்துப் பார்க்கலாம். நீ கேட்ட கேள்வியைப் பார்க்க அந்த அறையில் மூன்றாவது ஆள் இல்லை. பத்து வருஷம் தப்பாகவே செய்தாலும் உனக்குத் தெரியாது. வந்தவரும் மரியாதைக்கு "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அதனால்தான் தொழில் தெரிந்தவர்கள் தங்களைத் தாங்களே மற்றவர் பார்வையில் வைக்கிறார்கள். ஐ.சி.எஃப். முதல் படிக்கே ஒரு மூத்த கோச்சிடம் பத்து மணி நேரம், குறைந்தது மூன்று மாதம் பரப்பி, உட்கார வேண்டும். எதிராளியின் சம்மதத்தோடு பதிவு செய்த பேச்சை அவர் கேட்டு, எங்கே நீ அவசரப்பட்டாய் என்று காட்டுவார். இன்னொரு பழக்கம், மூவராகக் கூடுவது. ஒருவர் கோச், ஒருவர் தன் உண்மையான பிரச்சினையோடு வருகிறவர், மூன்றாமவர் பார்வையாளர். முடிந்ததும் பார்வையாளர் "அவர் வாக்கியத்தை மூணு தடவை நீங்க முடிச்சீங்க", "அவர் கண் கலங்கினப்போ நீங்க தண்ணி எடுக்கப் போயிட்டீங்க" என்று சொல்வார். கேட்க வலிக்கும். ஆனால் எந்தப் புத்தகமும் இதைச் சொல்லாது. பிறகு இடம் மாறி உட்கார்வார்கள். நீயே ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து உன் கவலையைச் சொல்லிப் பார்த்தால்தான், உன்னிடம் வருகிறவர் எவ்வளவு துணிச்சலோடு வருகிறார் என்று தெரியும்.

இவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றால், சென்னையில் ஐ.சி.எஃப். கிளை இருக்கிறது. கணேஷ் செல்லாவும் ராம்ராஜும் சேர்ந்து தொடங்கிய கோச்சிங் ஃபவுண்டேஷன் இந்தியா என்ற நிறுவனமும் சென்னைதான். பல்லடத்திலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ரயில் ஏற வேண்டியதில்லை, வீடியோவிலேயே கூடுகிறார்கள். கிளையண்டைப் பிடித்துக்கொள்வார்கள் என்கிறாயே, நடப்பது அநேகமாக எதிர்மாறு. தன் மாமனார் கம்பெனி ஆளைத் தான் எடுக்கக் கூடாது என்று ஒருவர் உன்னிடம் அனுப்புவார். உனக்குச் சரிவராதவரை நீ இன்னொருவரிடம் அனுப்புவாய்.

இந்தச் சமூகத்தில் எல்லாம் தங்கம் என்றும் சொல்ல மாட்டேன். கோச்சுகளுக்கே கோர்ஸ் விற்றுப் பிழைக்கிற கோச்சுகள் உண்டு. வெளியே ஒரு தொழிற்சாலைக்குள்ளும் கால் வைக்காமல், புதிதாக வருகிறவர்களிடமே பணம் வாங்கி அடுத்த பட்டம், அதற்கடுத்த பட்டம் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். யாரிடம் சேரும் முன்பும், "போன மாசம் நீங்க யாருக்கு கோச்சிங் பண்ணீங்க? பேர் வேண்டாம், என்ன மாதிரி ஆட்கள்?" என்று கேள். பதில் தடுமாறினால் கும்பிட்டுவிட்டு எழுந்து வா.

ரகசியம் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. பல்லடத்தில் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். நம் ஊரில் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. ஒரு கம்பெனி முதலாளி உனக்கு ஃபீஸ் கொடுத்துத் தன் மகனை உன்னிடம் அனுப்புவார். மூன்றாவது வாரம் ஒரு கல்யாணத்தில் உன்னைப் பார்த்து, "ஏம்மிணி, எம் பையன் என்னதான் சொல்றான்?" என்று கேட்பார். அவர் உன் அப்பாவின் நண்பர். பக்கத்தில் உன் அப்பாவும் நிற்பார். அங்கே நீ ஒரு வார்த்தை தவறினால் அன்றோடு உன் தொழில் முடிந்தது, அந்தப் பையனும் இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டான்.

இதற்கு வழி கல்யாண மண்டபத்தில் இல்லை, தொடக்கத்தில் இருக்கிறது. பணம் கொடுப்பவர், பேச வருபவர், நீ என்று மூவரும் முதல் நாளே ஒன்றாக உட்காருங்கள். எதற்காகச் சந்திக்கிறீர்கள், எத்தனை தடவை, பணம் கொடுப்பவருக்கு என்ன தெரியலாம் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். வந்தாரா, ஒப்புக்கொண்ட இலக்கில் நகர்கிறாரா, இவ்வளவுதான் அவருக்கு. உள்ளே பேசியது பேசியவருக்குச் சொந்தம். சொல்ல வேண்டுமென்றால் அவரே சொல்லட்டும். உயிருக்கு ஆபத்து என்றாலோ சட்டம் கேட்டாலோ மட்டும் விதிவிலக்கு, அதையும் முதல் நாளே சொல்லிவிடு. முதலாளி இதற்கு ஒப்பவில்லையா, அந்த வேலை உனக்கு வேண்டாம். ஃபீஸ் எவ்வளவாக இருந்தாலும் வேண்டாம். நெருங்கிய சொந்தத்தையும் எடுக்காதே. எச்.ஆராக நீ பார்த்த சம்பளக் கணக்கும் மெமோக்களும் உன் தலைக்குள் இருக்கின்றன. ஆகவே உன் கம்பெனி ஆட்களையும் இப்போதைக்கு விட்டுவிடு.

இன்னொன்று. எல்லாவற்றையும் மனப்பான்மைப் பிரச்சினை ஆக்கிவிடாதே. கோச்சிங் படித்த புதிதில் இந்த ஆசை வரும். கூலிக்கு நெய்கிற விசைத்தறிக்காரர் பாவு நூலை வாங்கி நெய்து கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். கூலி உயர்வுக்காக நம் பக்கத்தில் தறிகள் எத்தனை தடவை நின்றிருக்கின்றன என்று உனக்கே தெரியும். அவரிடம் போய் உங்கள் எண்ணத்தை மாற்றினால் எல்லாம் மாறும் என்று சொல்வது பாவம். அவர் எண்ணத்தில் கோளாறு இல்லை, கூலியில் இருக்கிறது. ஒரு கம்பெனியில் பெண்கள் திங்கட்கிழமை வராமல் போனால், குழந்தையை விட இடம் இருக்கிறதா, வண்டி சரியான நேரத்துக்கு வருகிறதா என்று முதலில் பார். முதலாளி "இவங்களுக்கு மோட்டிவேஷன் இல்லீங்க, நீங்க பேசிப் பாருங்க" என்று சொன்னால், அந்த விவரத்தை அவர் முன்னால் வைக்கிற தைரியம் உனக்கு வேண்டும்.

அதேபோல் மனநோய்க்கு நீ வைத்தியர் இல்லை. மாதக்கணக்கில் தூங்காதவர், சாக வேண்டும் என்று பேசுகிறவர், குடியிலிருந்து மீள முடியாதவர் உன் எதிரே வந்து உட்காருவார். கேட்டுக்கொள், தனியாக விடாதே, மனநல மருத்துவரிடம் சேர்த்துவிடு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. அந்த எண்ணை உன் அறைச் சுவரில் ஒட்டிவை. இதை எழுதும்போது எனக்கு விளையாட்டில்லை அம்மிணி.

வேலையை இப்போது விடாதே. சம்பளம் வரட்டும், சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் உன்னுடையவை. அந்த மூன்று நாள் கோர்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தைத் தொடாதே. சென்னைக்காரர்கள் நடத்தும் கூட்டம் ஒன்றில் வீடியோவிலாவது சேர்ந்து, ஓரமாக உட்கார்ந்து பார். பிறகு வேறு கம்பெனியில் புதிதாக சூப்பர்வைசர் ஆன ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து, அவளுக்குச் சம்மதம் என்றால் வாரம் ஒரு மணி நேரம் உட்கார். இங்கிலீஷ் புத்தகத்துக் கேள்விகளை அப்படியே இறக்காதே; "அப்புறம்?" என்பதே போதும். இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுது. அவள் பேரையும் கம்பெனி பேரையும் எழுதாதே. அவள் என்ன சொன்னாள் என்பதும் எனக்கு வேண்டாம். எந்தெந்த இடத்தில் உனக்கு அட்வைஸ் வாய் வரை வந்தது, அப்போது நீ என்ன செய்தாய் என்பதை மட்டும் மறைக்காமல் எழுது. கோர்ஸ் விஷயத்தை அதைப் படித்த பிறகு பேசலாம்.

அன்புடன்,
உன் மாமா